கம்பிக்குள் ஒரு முறுக்கு

மேசைமேல் நிற்கும் சுருள் ஸ்பிரிங்கை உள்ளங்கையால் அமுக்கினால் சுருள் குட்டையாகிறது. ஆனால் அந்தச் சுருளை உண்டாக்கிய கம்பி குட்டையாவதில்லை. அது வளைவதும் மிகக் கொஞ்சம்தான். பெரும்பாலோர் எதிர்பார்க்காத வேறொன்று அதற்குள் நடக்கிறது: கம்பி முறுகுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது துணி திருகிக்கொள்வதுபோல, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்த எஃகு தன் நீளவாட்டில் திருகப்படுகிறது. சுமை இறங்குவது சுருளின் நடுக்கோட்டில். கம்பி இருப்பதோ அந்தக் கோட்டிலிருந்து ஓர் ஆரம் தள்ளி. அந்த ஆரமே நெம்புகோலின் கையாக நின்று கம்பியைத் திருகுகிறது. கையை எடுத்ததும் திருகிய எஃகு பழைய நிலைக்குத் திரும்புகிறது, சுருள் நிமிர்கிறது.

இந்த எளிய உண்மை பொறியாளர்களுக்குப் புரியும்படி எழுதப்பட்டது 1848இல்தான். அதற்கு 85 ஆண்டுகளுக்கு முன்பே சுருள் ஸ்பிரிங்குக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கொடுத்தாகிவிட்டது. 170 ஆண்டுகளுக்கு முன்பே அதில் எடைகளைக் கட்டி அளந்து ஒருவர் நூலும் எழுதிவிட்டார். இடைப்பட்ட காலமெல்லாம் பட்டறைக்காரர்கள் ஸ்பிரிங் செய்தார்கள், விற்றார்கள், உடைந்தால் மாற்றிக் கொடுத்தார்கள். கை முன்னே போக, கணக்கு பின்னே வந்த கதை இது.

எடை கட்டி அளந்தவர் ராபர்ட் ஹூக். 1635இல் ஆங்கிலேயக் கடற்கரைக்கு எதிரே உள்ள வைட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயிலிடம் உதவியாளராக இருந்து, காற்றை அமுக்கியும் வெளியேற்றியும் சோதிக்கும் பம்பைச் செய்து கொடுத்தார். 1662 முதல் லண்டன் ராயல் சொசைட்டியின் சோதனைப் பொறுப்பாளர். கூட்டத்துக்குக் கூட்டம் புதிதாக ஏதேனும் செய்து காட்டவேண்டியது அவர் வேலை. 1666இல் லண்டன் எரிந்தபின் நகரத்தை அளந்து திரும்பக் கட்டும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் நடுவே ஸ்பிரிங்கை அவர் விட்டுவிடவில்லை.

1676இல் வெளியிட்ட ஒரு நூலில், தாம் கண்ட விதியை 14 லத்தீன் எழுத்துகளாக உடைத்து அகர வரிசையில் அடுக்கி, புதிராக வைத்தார். கண்டுபிடிப்பு தமதே என்று நிறுவவும் வேண்டும், மற்றவர்கள் அதைப் பயன்படுத்தவும் கூடாது என்பதற்காக அக்கால அறிஞர்கள் கையாண்ட வழி அது. விடையை 1678இல் அவரே அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. இரட்டிப்பு எடை கட்டினால் இரட்டிப்பு நீளும். அதைக் காட்ட அவர் எடுத்துக்கொண்டவை நான்கு பொருள்கள்: உருளையில் சுற்றிய கம்பிச் சுருள், கடிகார ஸ்பிரிங், நேராகத் தொங்கவிட்ட நீண்ட கம்பி, காய்ந்த மரத்துண்டு. வடிவம் மாறினாலும் விதி மாறவில்லை என்பதே அந்தச் சோதனையின் வலு. சுருளுக்குள் கம்பி என்ன செய்கிறது என்ற கேள்விக்குள் மட்டும் அவர் போகவில்லை.

புதிராக மூடிவைத்ததற்குப் பணம் ஒரு காரணம். ஸ்பிரிங்கால் சீராக ஓடும் கடிகாரம் கிடைத்தால் நடுக்கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். அதற்கு அரசுகள் பெரும்பணம் தரக் காத்திருந்தன. 1675 தொடக்கத்தில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், பாரிஸில் சுழல் ஸ்பிரிங் பூட்டிய கடிகாரத்தை அறிவித்தபோது ஹூக் கொதித்துப்போனார். சொசைட்டியின் செயலாளரே தம் ரகசியத்தை அங்கே கசியவிட்டார் என்று குற்றம் சாட்டினார். தாமஸ் டாம்பியன் என்ற கடிகாரக் கலைஞரைக் கொண்டு ஒரு கடிகாரம் செய்வித்து, 1658இலேயே தாம் கண்டது என்று அதன்மேல் பொறித்து அரசரிடம் காட்டினார். அன்று அந்த உரிமைக் கோரிக்கை எடுபடவில்லை. 2006இல் ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டில் ஹூக்கின் கையெழுத்துக் குறிப்புகள் கட்டாகக் கிடைத்தபோது, 1670ஆம் ஆண்டுவாக்கிலேயே இந்த யோசனை சொசைட்டிக் கூட்டத்துக்கு வந்திருந்தது தெரிந்தது. காலம் கடந்து கிடைத்த அந்த ஆதரவு ஹூக்குக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

விதி தெரிந்தால் போதாது, எஃகு வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய எஃகு ஒரே கட்டியிலேயே ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் மெத்தென்றும் இருந்தது. அதில் செய்த ஸ்பிரிங் எந்த நாள் எங்கே விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. டான்காஸ்டர் ஊரின் கடிகாரக்காரர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் இதைப் பொறுக்காமல், 1740ஆம் ஆண்டுவாக்கில் ஷெஃபீல்டு அருகே குடியேறி, களிமண் மூசையில் எஃகை முழுவதும் உருக்கி ஒரே தன்மையாக வார்க்கும் முறையைக் கண்டார். ஷெஃபீல்டு உலகின் எஃகு நகரமாக வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு கடிகாரக்காரரின் ஸ்பிரிங் கவலை இருந்தது.

1763இல் ரிச்சர்ட் ட்ரெட்வெல் சுருள் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளின் அடியில் வைக்க அது உகந்தது என்பது வாதம். அப்போது வண்டிகளைத் தாங்கியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்குகள். பட்டைகள் ஒன்றோடொன்று தேயும், கிறீச்சிடும், துருவேறும், எண்ணெய் கேட்கும். சுருளில் உரசல் இல்லை. ஆனால் அந்த உரசல்தான் பட்டை ஸ்பிரிங்கின் பலமும் என்பது ஓட்டிப் பார்த்தபின்தான் தெரியும். பள்ளத்தில் இறங்கிய வண்டி ஆடும்போது ஆட்டத்தின் வேகத்தைப் பட்டைகளின் தேய்மானம் தின்றுவிடுகிறது. சுருள் எதையும் தின்பதில்லை. வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிக் கொடுத்து, பயணியைத் துள்ளவிட்டுக்கொண்டே இருக்கும். 1804இல் ஒபதையா எலியட் பட்டை ஸ்பிரிங்குகளை நீள்வட்டமாகப் பூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சாலை அதன் வசமானது. நம்மூர் வில்வண்டியின் கீழ் இருந்ததும் அந்தப் பட்டைக் குடும்பமே. வண்டிகளின் அடியில் சுருள் தன் இடத்தைப் பிடிக்க, ஆட்டத்தை அடக்கும் துணைக்கருவி ஒன்று வரும்வரை நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை அது வேறு வேலைகள் பார்த்தது. வெஸ்ட் பிராம்விச்சில் சால்ட்டர் குடும்பம் செய்த ஸ்பிரிங் தராசு, எடைக்கல் இல்லாமல் எடை சொன்னது. ஹூக்கின் விதி கடைவீதிக்கு இறங்கிய இடம் அதுதான். அதே தராசு நீராவி எஞ்சினின் பாதுகாப்பு வால்வைப் பிடித்திருக்கவும் பயன்பட்டது: கொதிகலனில் அழுத்தம் வரம்பைத் தாண்டினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து நீராவியை வெளியேற்றும். மேட்டில் ஏறும்போது கூடுதல் வலு வேண்டிய ஓட்டுநர்கள் அதன் திருகாணியை இறுக்கிவிடுவார்கள். கொதிகலன் வெடிப்புகளுக்கு இது ஒரு காரணமானது. ரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1850களின் நடுவில், இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஒரே ஸ்பிரிங்கை வைத்து, எந்தப் பக்கம் கைவைத்தாலும் ஒரு வால்வாவது திறந்துகொள்ளும் அமைப்பைக் கொடுத்தார். எத்தனை உயிர்களை அது காத்ததென்று எண்ண வழியில்லை.

முறுக்கின் கணக்கு வேறொரு பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1784இல் பிரான்ஸின் சார்ல் கூலும் மெல்லிய கம்பிகளைத் தொங்கவிட்டுத் திருகி, எதிர்க்கும் விசை கம்பியின் தடிமனைப் பொறுத்து நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று கண்டார். தடிமன் இரட்டித்தால் எதிர்ப்பு 16 மடங்கு. சுருளுக்கும் இதற்கும் உள்ள உறவை 1848இல் பெல்ஃபாஸ்டில் பிறந்த இளம் பொறியாளர் ஜேம்ஸ் தாம்சன், கேம்பிரிட்ஜ் கணித இதழில் எழுதினார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சனின் அண்ணன் அவர். தம்பியின் புகழில் அண்ணன் பெயர் மங்கிப்போனது. ஆனால் சுருளை அமுக்குவதென்றால் நீண்ட கம்பியைத் திருகுவதே என்று அவர் சொன்னதும் ஸ்பிரிங் தொழில் ஊகத்திலிருந்து கணக்குக்கு மாறும் வழி திறந்தது. கொல்லனின் கையில் சான்று எப்போதும் இருந்தது என்பது வேறு விஷயம்: பல நாள் உழைத்து முறிந்த ஸ்பிரிங்கின் முகம் பெரும்பாலும் கம்பிக்குக் குறுக்கே நேராக இராது, ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்கும். முறுக்கில் போன எஃகு அப்படித்தான் பிளக்கும்.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. கம்பியின் தடிமனை இரட்டித்தால் ஸ்பிரிங் 16 மடங்கு விறைக்கும். சுருளின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறையும். சுற்றுகளைப் பாதியாக்கினால் விறைப்பு இரட்டிக்கும். காரைத் தாழ்வாகக் காட்ட ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிடும் இளைஞர்கள் பலர், வண்டி தாழ்ந்ததோடு முதுகும் வலிக்கிறதே என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். திருகுவதற்கு எஞ்சியிருக்கும் கம்பி குறைந்துவிட்டது. பழைய சோபாவின் கூம்பு வடிவ ஸ்பிரிங்கில் இதே கணக்கை எதிர்ப்பக்கம் பார்க்கலாம். அகலமான சுற்றுகள் மெத்தென்று முதலில் படிந்துவிடும். கனத்த ஆள் உட்கார்ந்தால் குறுகிய, விறைத்த சுற்றுகள் தாங்கும்.

நல்ல கம்பியும் தாம்சன் காலத்திலேயே வந்து சேர்ந்தது. பர்மிங்காமின் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் 1854இல், பியானோவுக்குக் கம்பி செய்யும் முயற்சியில், சூடாக்கிய எஃகுக் கம்பியைக் கட்டுப்படுத்திக் குளிரவைத்து அதன்பின் இழுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பி வலுவும் பெற்றது, வளைந்தும் கொடுத்தது. 1866இல் அட்லாண்டிக் கடலடியில் வெற்றிகரமாகக் கிடத்திய தந்திக் கேபிளைப் போர்த்தியது அவருடைய ஆலையின் கம்பி. சிறிய ஸ்பிரிங்குகளுக்கு இன்றும் பியானோ கம்பி என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

முறுக்கு என்று தெரிந்ததும் அடுத்த ஆபத்தும் தெரிந்தது. கம்பியைத் திருகும்போது அதன் நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. முழுச் சுமையும் தோலுக்குத்தான். ஆகவே மேற்பரப்பில் ஒரு கீறல், ஒரு துருப்புள்ளி, உலையில் ஒட்டிய ஒரு கசடு போதும். லட்சம் முறை அமுங்கி எழும்போது அங்கிருந்து வெடிப்பு ஊர்ந்து உள்ளே போகும். 1929இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஆர்தர் வால் இதைக் கூர்மையாக்கினார். கம்பி வளைந்திருப்பதால் சுருளின் உள்பக்கத் தோலில் தகைவு இன்னும் கூடுகிறது. சுருளின் சராசரி விட்டம் கம்பியின் தடிமனைப்போல நான்கு மடங்கே என்றால் எளிய கணக்கு சொல்வதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். அவர் பெயரிலான திருத்தக் காரணி இன்றும் ஸ்பிரிங் வரைவோர் கையில் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் தீர்வு கிடைத்தது, அதுவும் எதிர்பாராமல். அமெரிக்க மோட்டார் ஆலைகளில் எஞ்சின் வால்வு ஸ்பிரிங்குகளின் கசடை நீக்கச் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசியடித்தார்கள். அப்படித் துப்புரவான ஸ்பிரிங்குகள் மற்றவற்றைவிட நெடுநாள் உழைத்தன. காரணம் பின்னர் விளங்கியது. குண்டு விழுந்த தோல் விரிய முயல்கிறது, உள்ளிருக்கும் எஃகு விடுவதில்லை. ஆகவே தோல் எந்நேரமும் அமுக்கத்திலேயே இருக்கிறது. வெடிப்பு திறக்க இழுப்பு வேண்டும். முதலில் இந்த அமுக்கத்தைக் கடந்தாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மென் மெல்லிய எஃகுத் தகடுகளைக் குண்டடியில் வைத்து, அவை எவ்வளவு வளைகின்றன என்று பார்த்து அடியின் பலத்தை அளக்கும் வழியைத் தந்தார். அந்தத் தகடு இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஸ்பிரிங் வரலாற்றில் இத்தனை பெரிய பலன் தந்த வேறு எளிய வேலை இருக்கிறதா என்பது சந்தேகமே.

வால்வு ஸ்பிரிங்கின் உழைப்பு அப்படிப்பட்டது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அந்த அடி சுருளின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் சுற்றுகளுக்கிடையே அலை ஓடத் தொடங்கும். வால்வு சொன்ன நேரத்தில் மூடாது. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகளை வைத்து இதைச் சமாளித்தார்கள். சுற்றுகள் ஒன்றில் ஒன்று சிக்காதிருக்க ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. 1954இல் மெர்சிடிஸ் தன் பந்தயக் காரில் அந்த ஸ்பிரிங்கையே விட்டுவிட்டு, வால்வை மூடவும் தனிக் கேம் வைத்தது. அந்தக் கார் வென்றது. ஆனாலும் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்றும் ஸ்பிரிங்கையே நம்பியிருக்கின்றன.

துள்ளலை அடக்கும் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் பரவியபின் சுருள் மீண்டும் சக்கரங்களுக்கு வந்தது. ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஓலி, ஒரு காரின் முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி நகர்த்தி ஓட்டிப்பார்த்து, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெத்தென்று இருக்க வேண்டும் என்று கண்டார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்னால் ஏறும் சக்கரம் சற்று வேகமாக ஆடினால்தான் இரண்டு ஆட்டமும் சேர்ந்துகொண்டு கார் தலையாட்டாமல் சமமாக எழுந்து தாழும். 1934இல் காடிலாக், பியூக் கார்களின் முன்சக்கரங்களில் சுருள் ஸ்பிரிங் ஏறியது.

இருபது ஆண்டு கழித்து அது சென்னையின் பெரம்பூருக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு கட்டிய ரயில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். அங்கே உருவான எஃகுப் பெட்டியின் சக்கரச் சட்டத்தில், ரயில்வேக்காரர்கள் போகி என்று சொல்வதில், சுருள் இரண்டு அடுக்காக நின்றது. ஒவ்வொரு அச்சுப்பெட்டிக்கும் இரண்டு, அதற்குமேல் பெட்டியின் உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் கீழ் நான்கு. குளிர்சாதனம் இல்லாத சாதாரணப் பெட்டிக்கு இரு போகிகளிலும் சேர்த்து 24 ஸ்பிரிங்குகள். அச்சுப்பெட்டி ஸ்பிரிங்கின் கம்பித் தடிமன் ஒரு வகையில் 33.5 மி.மீ., மேலடுக்கில் 42 மி.மீ. ட்ரெட்வெல் காலத்துத் துள்ளலுக்கு விடை அந்தச் சுருளின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது: போகிச் சட்டத்திலிருந்து இறங்கும் தண்டு ஒன்று, எண்ணெய் நிறைந்த கிண்ணத்துக்குள் மூழ்கி, சிறு துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கி ஆட்டத்தைக் கரைத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியர்களின் இரவுத் தூக்கத்தைச் சுமந்தது இந்த அமைப்புதான். அதற்குரிய மரியாதையை நாம் கொடுத்ததில்லை என்றே தோன்றுகிறது.

ரயில்வேக்கான இந்தக் கனத்த ஸ்பிரிங்குகளைச் செய்ய 1980களின் இறுதியில் குவாலியர் அருகே சித்தௌலியில் ஒரு தனித் தொழிற்சாலை வந்தது. அங்கே நடக்கும் ஒவ்வொரு வேலையிலும் கம்பியின் தோல் பற்றிய கவலை தெரிகிறது. வந்த எஃகுத் தடியின் மேற்பரப்பைச் சீவி எடுக்கிறார்கள். பழுது இருந்தால் அங்கேயே போய்விடட்டும் என்று. செந்தணலாகக் காய்ச்சி உருளையில் சுற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்துகிறார்கள். முனைகளைத் தட்டையாகச் சாணை பிடிக்கிறார்கள். குண்டடி அங்கேயும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காந்தத்தால் தேடுகிறார்கள். பிறகு சுற்றோடு சுற்று ஒட்டும்வரை முழுதாகச் சில முறை நெரித்துவிடுகிறார்கள். பின்னால் தண்டவாளத்தில் தணிய வேண்டியது இங்கேயே தணிந்துவிடும், உயரம் நிலைக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரே உருளையில் சுற்றிய இரண்டு ஸ்பிரிங்குகள் ஒரே சுமைக்கு ஒரே அளவு தாழ்வதில்லை. கம்பியின் தடிமனில் ஒரு மயிரிழை கூடினாலும் நான்காம் அடுக்கு அதைப் பெருக்கிக் காட்டிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் குறித்த சுமையில் அமுக்கி, நின்ற உயரத்தைப் பார்த்து மூன்று குழுக்களாகப் பிரித்து மஞ்சள், நீலம், பச்சை என்று வண்ணம் பூசுகிறார்கள். பெட்டி ஒருபக்கம் சாயாதிருக்க, ஒரு போகியில் ஒரே வண்ணக் குழுவைத்தான் பூட்ட வேண்டும் என்பது பணிமனை விதி.

2018 ஜனவரியில் பெரம்பூர் தன் பழைய வடிவப் பெட்டியைச் செய்வதை நிறுத்தியது. ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளில் ஒன்றினுள் ஒன்றாக அடங்கிய சுருள்கள் வந்தன, ஆட்டத்தை அடக்க எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பதில் தனி ஷாக் அப்சார்பர்கள் வந்தன. அதே ஆண்டு பெரம்பூரில் உருவான வந்தே பாரத் ரயிலில் மேலடுக்குச் சுருள்களின் இடத்தைக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் எடுத்துக்கொண்டன; பயணிகள் கூடினாலும் குறைந்தாலும் காற்றை ஏற்றி இறக்கிப் பெட்டியின் தளத்தை நடைமேடை உயரத்தில் வைத்திருக்க அவற்றால் முடியும், எஃகால் முடியாது. கீழடுக்கு மட்டும் மாறவில்லை. தண்டவாள இணைப்பின் முதல் அடியை வாங்கும் அச்சுப்பெட்டிகளின் மேல் அங்கேயும் எஃகுச் சுருள்களே நிற்கின்றன.